இணையத்தில் உங்கள் பெயர் கெட்டுத் தெரிகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கும்பகோணத்தில் நான் நடத்தும் கணினி சேவை மையத்துக்கு, வருமானச் சான்றுக்கும் சிட்டா நகலுக்கும் வருகிறவர்களைப் போலவே, இணையத்தில் தம் பெயர் கெட்டுக் கிடக்கிறது என்று கலங்கி வருகிறவர்களும் இப்போது உண்டு. தை பிறந்து வரன் பார்க்கத் தொடங்கும்போதும், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் எடுக்கும்போதும் இவர்கள் வருகை கூடும். அந்தச் சமயங்களில்தான் எதிர்த்தரப்பார் ஜாதகத்தையும் சான்றிதழையும் பார்ப்பதோடு நிற்காமல் பெயரையும் கூகுளில் போட்டுப் பார்க்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதால், அவற்றை அறிகுறி வாரியாகவும், செலவில்லாத வழியிலிருந்து செலவு மிகுந்த வழி வரையிலும் இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறிக்குரிய பகுதியை மட்டும் படித்தால் போதும்; ஆனால் முதல் பகுதி எல்லாருக்கும் உரியது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஒரு தகவல் தெரிகிற இடம் வேறு, அது இருக்கிற இடம் வேறு. கூகுளில் தெரிவது ஏதோ ஒரு செய்தித் தளத்தில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது யாரோ ஒருவருடைய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் தெரியும் இடத்தில் மட்டும் புகார் கொடுப்பதால்தான் பெரும்பாலோருடைய முயற்சி வீணாகிறது.

தேடும்போது உங்கள் கணக்கில் நுழைந்த நிலையில் தேட வேண்டாம். பிரௌசரில் இன்காக்னிட்டோ (கணக்கில் நுழையாத தனி) சாளரத்தைத் திறந்து, பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் போதாது. செழியன் என்ற பெயரை எஸ் எழுத்தில் தொடங்குவோரும் சி-எச் என்று தொடங்குவோரும் உண்டு. ழகரத்துக்கு இசட்-எச் இடுவோரும் வெறும் எல் இடுவோரும் உண்டு. ஆக அந்த ஒரு பெயருக்கே நான்கு தேடல்கள் தேவை. தந்தை பெயரின் முதலெழுத்து மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னும், வங்கிக் கணக்கில் பின்னும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக விரிந்தும் இருக்கும் என்பதால் அந்த வடிவங்களையும் தேட வேண்டும். பெயரோடு ஊரையும் தொழிலையும் சேர்த்துப் பாருங்கள். மயிலாடுதுறைக்காரர்கள் மாயவரம் என்றும் போட்டுப் பார்ப்பது நல்லது. செல்பேசி எண்ணைத் தனியாகவும், முகப்படத்தைக் கூகுள் லென்ஸ் வழியாகவும் தேடுங்கள்.

தவறானது ஏதேனும் கண்ணில் பட்டால், புகார் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். புகார் போனதை அறிந்ததும் பதிவை அழித்துவிட்டு வேறு பெயரில் மீண்டும் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் பக்கத்தின் முழு முகவரியும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இணைப்பைத் தனியே நகலெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை விவகாரம் முடியும்வரை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான சான்றிதழும் தேவைப்படும்.

அறிகுறி 1: உங்கள் பெயரைத் தேடினால் வேறொருவர் செய்த குற்றம் வருகிறது

குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால் இது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. செய்தியில் உள்ள வயது, தந்தை பெயர், ஊர் ஆகியவற்றைப் பார்த்து அவர் வேறு ஆள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்தியில் உங்கள் படம் இல்லை என்றால், நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இடமில்லை. அது உங்களைப் பற்றியதே அன்று. உங்களைப் பற்றிய உண்மையான பக்கம் எதுவும் இணையத்தில் இல்லாததே இங்குக் கோளாறு. லிங்க்ட்இன் போன்ற ஒரு தளத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெயர், ஊர், படிப்பு, வேலை, தெளிவான முகப்படம் ஆகியவற்றோடு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதே வடிவத்தையே பயன்படுத்தினால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேடல் முடிவுகளில் உங்கள் பக்கமும் மேலே வரத் தொடங்கும். அதுவரை பொறுக்க முடியாது, நேர்காணல் நெருங்குகிறது என்றால், தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் விண்ணப்பித்து உங்கள் மீது வழக்கில்லை என்ற அறிக்கையைப் பெற்று முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் சேவை வழியாகக் கிடைக்கும் காவல்துறை நற்சான்று பொருந்தும்.

வேறொருவர் செய்தியில் உங்கள் படத்தை வைத்துவிட்டார்கள் என்றால் நிலைமை மாறுகிறது. ஆசிரியருக்கு ஆதார் நகலோடு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் படத்தை உடனே எடுத்துவிடுவார்கள். இரண்டு வாரங்களாகியும் பதிலில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அறிகுறி 2: உங்களைப் பற்றிய பழைய செய்தியோ விவரமோ போகாமல் நிற்கிறது

*இணைப்பைச் சொடுக்கினால் பக்கமே இல்லை என்று வருகிறது.* தளத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. கூகுள் மட்டும் இன்னும் கவனிக்கவில்லை. காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் கூகுளின் கருவியில் இணைப்பைக் கொடுத்தால் போதும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

*பக்கம் இருக்கிறது, அதில் உங்கள் வீட்டு முகவரி, செல்பேசி எண், அடையாள அட்டை எண் அல்லது கையெழுத்து தெரிகிறது.* தனிப்பட்ட தகவலை நீக்கக் கோரும் கூகுள் படிவத்தை நிரப்புங்கள். அது தேடல் முடிவிலிருந்து மட்டுமே எடுக்கும். ஆகவே மூலப் பக்கத்தை நடத்துகிறவருக்கும் எழுத வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ பழைய மாணவர் மன்றமோ உறுப்பினர் பட்டியலைப் பிடிஎஃப் ஆகப் போட்டுவிட்டு மறந்துபோவது இதற்கு வழக்கமான காரணம். செயலாளரை நேரில் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்.

*செய்தி வெளிவந்தபோது சரிதான்; ஆனால் பின்னர் வழக்கில் விடுதலையாகிவிட்டீர்கள்.* தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து ஆசிரியருக்கு எழுதுங்கள். அழிக்கச் சொல்லிக் கேட்பதைவிட, விடுதலையான விவரத்தை அதே செய்தியின் தலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது எளிதில் பலிக்கும் என்பது என் அனுபவம். எதிர்த்தரப்பார் படிக்கும்போது அதுவே உங்களுக்குக் கூடுதல் வலு.

*தீர்ப்பே சட்டத் தளங்களில் உங்கள் பெயரோடு கிடக்கிறது.* இதற்கு வக்கீல் கட்டாயம் தேவை. விடுதலையான ஒருவருடைய பெயரை மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனவே இதை உறுதியாக முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டத்தார் மனுவை மதுரைக் கிளையிலும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னையிலும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: உங்கள் பெயரிலும் படத்திலும் இன்னொரு கணக்கு இருக்கிறது

என்னிடம் வருவனவற்றில் இதுவே மிக அதிகம். "சார், உங்க ஐடி-லேர்ந்து இருபதாயிரம் கேட்டு மெசேஜ் வந்துச்சு, நீங்கதானா?" என்று யாரோ போன் செய்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

முதலில் அது போலிக் கணக்கா, உங்கள் கணக்கே பறிபோனதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. செய்தி பெற்றவரிடம் அந்தக் கணக்கின் இணைப்பை அனுப்பச் சொல்லி, உங்கள் கணக்கின் இணைப்போடு ஒப்பிடுங்கள். இணைப்பு ஒன்றேயானால் உங்கள் கணக்கில் வேறொருவர் நுழைந்திருக்கிறார்: கடவுச்சொல்லை மாற்றி, எங்கெங்கு நுழைந்திருக்கிறது என்ற பட்டியலில் தெரியாத கருவிகளை வெளியேற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள். இணைப்பு வேறானால் அது போலி. கடவுச்சொல்லை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் கணக்கிலிருந்து தேடி அது தென்படவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். போலிக் கணக்கைத் தொடங்குகிறவர் முதல் வேலையாக உண்மையான ஆளைத் தடை செய்துவிடுவது வழக்கம். பாபநாசம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் தம் போனில் எத்தனை முறை தேடியும் கிடைக்காத கணக்கு, அருகில் நின்ற மாணவனின் போனில் தேடியதும் முதல் வரியிலேயே வந்தது. அவருடைய பணி ஓய்வு விழாப் படம், மாலையும் சால்வையுமாக, அப்படியே அங்கே முகப்படமாக இருந்தது. நட்புப் பட்டியலில் அவருடைய பழைய மாணவர்களே நிறைந்திருந்தார்கள். பட்டியலைப் பொதுவில் திறந்து வைத்திருந்ததே அதற்கு வழி செய்தது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

முதலாவதாக, கணக்கின் பெயரை மட்டும் குறிக்காமல் இணைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். இரண்டாவதாக, அந்தக் கணக்கின் பக்கத்திலிருந்தே, வேறொருவர் போல நடிக்கிறார் என்ற காரணத்தைத் தேர்ந்து புகார் அளியுங்கள். உங்களைத் தடை செய்திருந்தால் நண்பர் ஒருவர் தம் கணக்கிலிருந்து, என் நண்பர் போல நடிக்கிறார் என்று அளிக்கலாம். இன்ஸ்டாகிராமில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள். மூன்றாவதாக, உங்கள் சொந்தக் கணக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஒரு சிறு அறிவிப்பு இடுங்கள்: என் பெயரில் பணம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம், எனக்குப் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்ற அளவில் போதும். நட்புப் பட்டியலை மறைத்து, ஃபேஸ்புக்கில் புரொஃபைல் பூட்டு வசதியை இயக்குங்கள்.

இரண்டு நாட்களாகியும் கணக்கு அப்படியே இருந்தால், அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஆள்மாறாட்டம் குறித்துப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் தளம் நடவடிக்கை எடுக்க 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது (2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது). அவருடைய முடிவும் சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள், 2023-இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியில் முறையிடலாம், வக்கீல் தேவையில்லை.

யாராவது பணத்தை அனுப்பிவிட்டார்கள் என்றால் மேற்கண்ட வரிசையெல்லாம் பிறகு. பணம் இழந்தவர் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் நிறுத்தி வைக்க அதுவே வழி. அடுத்து, மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அடையாளத் திருட்டுக்கும் கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. இச்சட்டத்தின் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். உள்ளூர் நிலையத்தில் உங்களை அங்கே போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி 4: நீங்கள் அழைத்தால் எதிர்முனையில் தவறான பெயரோ ஸ்பேம் என்றோ காட்டுகிறது

ட்ரூகாலர் போன்ற செயலிகள், பிறர் உங்கள் எண்ணை எப்படிச் சேமித்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் (தொல்லை அழைப்பு) என்று குறித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே பெயரைக் காட்டுகின்றன. எண் உங்களுக்குப் புதியதானால், அதை முன்பு வைத்திருந்தவரின் பெயரும் கடன் பாக்கியும் உங்களைத் தொடரும். உங்கள் எண்ணைக் கொண்டு செயலியில் நுழைந்து பெயரைத் திருத்துவது முதல் வழி. பட்டியலிலேயே வேண்டாம் என்றால், கணக்கைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அந்நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோர வேண்டும்.

இரண்டும் செய்தும் தொல்லை ஓயவில்லை என்றால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத எண் அதில் இருந்தால், என் எண் அன்று என்று அங்கேயே குறிக்கலாம். பிறர் பயன்படுத்தும் சிம்மின் பழி உங்கள் மேல் விழாமல் இருக்க இதைத் தள்ளிப் போடக் கூடாது.

அறிகுறி 5: கடைக்கும் பட்டறைக்கும் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிகின்றன

சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவர்களுக்குக் கடையின் பெயர் கெடுவதும் தம் பெயர் கெடுவதும் ஒன்றே. முதலில் மதிப்புரையைப் பொறுமையாகப் படியுங்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு, "முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது" என்று ஒரு மதிப்புரை வந்திருந்தது. அதே பெயரில் உள்ள ஒரு துணிக்கடைக்குப் போக வேண்டியது அது. தொடர்பில்லாத உள்ளடக்கம் என்று புகார் செய்ததும் நீங்கிவிட்டது.

வாடிக்கையாளர் உண்மையானவர் என்றால் நீக்க முடியாது. நீக்க முயலவும் கூடாது. மூன்று வரிகளுக்குள், குறையை ஒப்புக்கொண்டோ விளக்கியோ, தொடர்புகொள்ள வேண்டிய எண்ணைத் தந்து பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அவருக்காக எழுதாதீர்கள். அடுத்து வரப்போகும் நூறு பேர் படிப்பார்கள் என்று எண்ணி எழுதுங்கள். உறவினர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது கூகுளின் கொள்கைக்கு விரோதமானது. அவை நீக்கப்படுவதோடு உங்கள் பக்கத்தின் மீதும் நடவடிக்கை வரலாம்.

ஒரே நாளில் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரிசையாக வந்தால், ஒவ்வொருவர் பெயரையும் சொடுக்கி அவர்கள் வேறு எங்கெங்கு மதிப்புரை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே நாளில் கும்பகோணத்திலும் ஜெய்ப்பூரிலும் சாப்பிட்டிருந்தால் அது கூலிக்கு எழுதியது. ஒவ்வொன்றையும் தனித்தனியே புகார் செய்து, நிராகரித்தால் ஒருமுறை மேல்முறையீடு செய்யுங்கள். நீக்க வேண்டுமானால் பணம் கொடு என்று யாராவது கேட்டால் அது மிரட்டிப் பணம் பறிப்பது. அந்த உரையாடலோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அறிகுறி 6: ஊர் வாட்ஸ்அப் குழுவில் உங்களைப் பற்றிய பொய் சுற்றுகிறது

இதைத் தேடிக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை. யாராவது காட்டினால்தான் தெரியும். அவர் போனிலேயே அனுப்பியவரின் எண், தேதி, குழுவின் பெயர் ஆகியவை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலமுறை பகிரப்பட்டது என்ற குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பியவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அந்தக் குறி இல்லாவிட்டால் மூலம் அருகில் இருக்க வாய்ப்புண்டு.

குழு நிர்வாகி எல்லாருக்குமாக அந்தச் செய்தியை அழிக்க முடியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடியும். மறுப்பை எழுதும்போது அவதூறான செய்தியையோ படத்தையோ சேர்த்து அனுப்பாதீர்கள். பார்க்காதவர்களுக்கும் நீங்களே கொண்டு சேர்த்ததாகிவிடும்.

அவதூறு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவின் கீழ் குற்றம். ஆனால் காவல்துறை தானே வழக்குப் பதிவதற்குரியது அன்று. பாதிக்கப்பட்டவர் நீதித்துறை நடுவரிடம் தனிப் புகார் தர வேண்டும். காவல் நிலையத்தில் கைவிரிக்கிறார்கள் என்று மனம் உடைந்து பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வழி அடைபடவில்லை, வேறு வாசல் என்பதுதான். நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட எண்ணினால் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும் என்பதால், சமாதானப் பேச்சிலேயே அந்த ஓராண்டைக் கழித்துவிடாதீர்கள். செய்தியில் கொலை மிரட்டலோ, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதோ இருந்தால் அது வேறு பிரிவுகளில் வரும். நேராகக் காவல் நிலையம் செல்லுங்கள்.

அறிகுறி 7: அந்தரங்கப் படத்தை, அல்லது ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள்

இதில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டிய படிகள் மிகக் குறைவு. பணம் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமக்கும்போதுதான் மிரட்டுகிறவருக்குப் பலம் கூடுகிறது. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயரைத் தெரிவிக்காமலும் புகார் அளிக்கலாம். ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் படத்தை வாங்கிக்கொள்ளாமல், அதன் கணித அடையாளத்தை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கி, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்களில் அது பதிவேறாமல் தடுக்க உதவுகிறது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் 1098, பெண்களுக்கு 181. பிள்ளை இதைச் சொல்ல வந்தால், படம் எப்படிப் போயிற்று என்ற விசாரணையைப் பெற்றோர் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

அறிகுறி 8: கூகுள் அலர்ட் வைத்தும் எதுவும் வருவதில்லை

நீங்கள் கொடுத்த பெயர் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் வசதி கூகுள் அலர்ட். அதை ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் வைத்திருப்பீர்கள். முதல் பகுதியில் சொன்ன வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும், தமிழ் வடிவத்துக்கும், தனித்தனியே வைக்க வேண்டும். செழியன் போன்ற பொதுவான பெயரானால் ஊரையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையற்றவை வந்து குவிந்து நீங்களே பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். எல்லா முடிவுகளும் வேண்டும் என்ற தேர்வை வையுங்கள். சிறந்தவை மட்டும் என்றிருந்தால் சிறு தளங்கள் விடுபடும்.

ஃபேஸ்புக்கின் மூடிய குழுக்களும் வாட்ஸ்அப்பும் அலர்ட்டின் கண்ணில் படவே படா. அவற்றுக்கு, உங்களைப் பற்றி எது வந்தாலும் தயங்காமல் காட்டக்கூடிய இருவரை, வெவ்வேறு வட்டத்தில் உள்ளவர்களாகப் பார்த்துச் சொல்லி வையுங்கள். யூடியூபில் பெயரையும் ஊரையும் போட்டு மாதம் ஒருமுறை நீங்களே தேட வேண்டும். முகமோ குரலோ அனுமதியின்றி வந்திருந்தால், அதன் தனியுரிமைப் புகார் வழியில் பாதிக்கப்பட்டவரே முறையிடலாம், பதிவேற்றியவருக்குப் பொதுவாக 48 மணி நேரம் அவகாசம் தந்து பிறகு பரிசீலிப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அலர்ட் போகும் மின்னஞ்சல் எது என்று பாருங்கள். போன் வாங்கியபோது கடைக்காரர் தொடங்கிக் கொடுத்த, நீங்கள் திறந்தே பார்க்காத ஜிமெயிலுக்கு அவை போய்க்கொண்டிருக்கும். முகவரியை மாற்றி, ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.